உலைமூடியின் சத்தம்

“அந்த நாலாம் இயலை எடுத்துருங்க,” என்று எழுந்து நின்று சத்தம் போட்டார் எழுத்தாளர் சிவசைலம். “கதையை எழுதினவன் நான். அதுல வர்ற பொம்பள என் சம்சாரம். இந்தா, பக்கத்துலதான் உக்காந்திருக்கா. பிரியத்துல பேசாம இருந்தா. கோபமாம்லா, கோபம்!”

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்திருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம். மேடையில் தன் ஆய்வேட்டோடு நின்றாள் ஜெசிந்தா. அந்த இயல் போனால் பட்டமும் போகும். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகளைக் கூட்டிவர, மனைவி வாய் திறக்காமல் மறுபடி உலை வைக்கும் சிவசைலத்தின் கதையைத்தான் அந்த இயல் ஆராய்ந்தது. அந்த மௌனம் கோபம் என்று எழுதியிருந்தாள்.

புறத்தேர்வாளர் தணிகாசலம் சிரித்தார். “எழுதினவரே சொல்லிட்டாரே. வாசகர் சொல்றதுதான் பொருள்ங்கிற இந்தக் கோட்பாடு இல்லாம ஆய்வைப் பதிவே பண்ண முடியாதுன்னு ஒரு காலம் இருந்துச்சும்மா. இப்ப எங்க பாடத்திட்டத்துலயே அதை ஒரு மூலைக்குத் தள்ளியாச்சு.”

“எழுதி முடித்த பிறகு அவரும் ஒரு வாசகர்தான், ஐயா. கதையின் வரியைக் காட்டிப் பேசும் எந்த வாசகருக்கும் பொருள் சொல்ல உரிமை உண்டு. கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவரும் சாட்சி செல்லாது,” என்றாள் ஜெசிந்தா.

அப்போது சிவசைலத்தின் மனைவி ஆவுடையம்மாள் எழுந்தார்.

“நானும் அந்தக் கதையைப் படிச்சேன்மா. உலை வைக்கிற இடத்துல ‘மூடி ணங்கென்று விழுந்தது’ன்னு போட்டிருக்கு. மனசுல ஆத்திரம் இல்லாதவ மூடியை அப்படியா போடுவா?”

“ஏட்டி, உக்காரு,” என்றார் சிவசைலம்.

தணிகாசலம் ஜெசிந்தாவைப் பார்த்தார். “இந்தச் சாட்சியை ஏத்துக்கிறீங்களா? அப்ப இவங்க வீட்டுக்காரர் சொன்னதையும் ஏத்துக்கணும்.”

ஜெசிந்தா தலையசைத்து மறுத்தாள். “இல்லை ஐயா. அம்மா சொல்வதும் செல்லாது.”

ஆவுடையம்மாள் உட்கார்ந்தார். இயல் தப்பியது. பட்டத்துக்குப் பரிந்துரை அறிவித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள்.

இதுவரை கேட்டீர்கள். சொல்லுங்கள், சிவசைலம், ஜெசிந்தா, ஆவுடையம்மாள் இந்த மூவரில் நியாயம் யார் பக்கம்?

விடை: சிவசைலம் பக்கம் இல்லை. தன் கையால் எழுதிய சத்தத்தையே அவர் கேட்கவில்லை. ஜெசிந்தா கதையைச் சரியாகத்தான் படித்திருந்தாள். ஆனால் அவள் சொன்ன பதில் அநியாயம். ஆவுடையம்மாள் தன் வீட்டுக் கதை எதையும் அங்கே சொல்லவே இல்லை. வரியைக் காட்டிப் பேசினார். ஜெசிந்தாவின் விதிப்படியே அவர் வாசகர். அவ்வளவு படித்த அரங்கில் ஒருவர் காதிலும் அது வாசகரின் குரலாக விழவில்லை, இன்னாரின் மனைவி பேசியதாகவே விழுந்தது. கோட்பாட்டைக் கரைத்துக் குடித்த ஜெசிந்தாவுக்கும் அப்படித்தான். நியாயம் ஆவுடையம்மாள் பக்கம்.

காபி வந்தது. எல்லோரும் ஜெசிந்தாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆவுடையம்மாள் கைப்பையிலிருந்து கணவரின் மாத்திரையை எடுத்து, அவருடைய காலி நாற்காலியில் வைத்துவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.