மாரப்பனின் இலகு ரக லைசென்ஸ்

ஊசிப்பாளையத்தில் புத்தி குறைந்தவர் என்று ஒருவரையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வேறு மாதிரி ஆள் கிடையாது.

அந்த ஊரில் நாச்சிமுத்து, அவர் தங்கை செவத்தாள், செவத்தாளின் கணவர் மாரப்பன் மூவரும் சேர்ந்து தக்காளி போட்டிருந்தார்கள். செடி பூ விட்டதுமே சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பழைய சின்ன லாரியை வாங்கிவிட்டார்கள். மாரப்பன்தான் டிரைவர். களத்தைச் சுற்றி நன்றாகவே ஓட்டினார். டீசல் போடப் போனபோது சோதனைச் சாவடியில் ஏட்டையா மறித்தார்.

“லைசென்ஸ் எங்கே?”

“லாரிதானுங்க வாங்கினோம். அதுகூட வேற எதுவும் குடுக்கலீங்க” என்றார் மாரப்பன்.

ஏட்டையா நல்ல மனிதர். லைசென்ஸ் இல்லாமல் இனி சந்தை ரோட்டில் வண்டியைப் பார்த்தால் பிடித்து ஸ்டேஷனில் போட்டுவிடுவேன் என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

மூவரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்கள். கிளார்க் கேட்டார்: “பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சா?”

மாரப்பனுக்கு நாற்பத்தொன்று. அவர் கலங்கிப்போனார். “இருபத்தி மூணு வருஷம் லேட்டா வந்துட்டேனுங்களா?”

லேட் இல்லை என்று கிளார்க் தேற்றினார். “இந்த வண்டிக்கு இலகு ரக லைசென்ஸ் போதும். முப்பது நாள் பழகணும். பழகும்போது பக்கத்துல லைசென்ஸ் வச்சிருக்கிற ஆள் உட்காரணும்.”

ஊசிப்பாளையத்தில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் பட்டாசுக் கடை காசிலிங்கம். கடைச் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றி, கண்ணாடிச் சட்டத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, முப்பது நாளும் மாரப்பனுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து வந்தார்.

டெஸ்டுக்கு முதல் நாள் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. “மாப்ள, இலகுன்னா லேசுதானே? நம்ம வண்டி லேசா?”

மூவரும் சேர்ந்து லாரியைத் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

“லேசா இல்லீங்க மச்சான்” என்றார் மாரப்பன்.

“அப்படின்னா லேசாக்கு.”

பின் கதவைக் கழற்றினார்கள். ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். சீட்டைக் கழற்றினார்கள். செவத்தாள் ஒருமுறை ஹாரனை அமுக்கிப் பார்த்தாள்.

“அண்ணா, இது சத்தமே ரொம்பக் கனமா இருக்குது.”

“அதையும் கழட்டு” என்றார் நாச்சிமுத்து. ஓட்டுகிறவர் எடையும் சேரும் என்பதால் மாரப்பனுக்கு அன்று முழுக்கச் சோறு கிடையாது.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் அம்மா லாரிக்குள் எட்டிப் பார்த்தார். பசி மயக்கத்தோடு மாரப்பன் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தார்.

“சீட் எங்கே?”

“வீட்டுல பத்திரமா இருக்குதுங்க மேடம்.”

“லைசென்ஸ் உள்ளவர் யாரு?”

காசிலிங்கம் சட்டத்தை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அம்மா படித்தார். “இது பட்டாசு விக்கிற லைசென்ஸ். பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“முப்பது நாளும் வண்டியில ஒருத்தனும் பீடி பத்த வைக்கலீங்க மேடம்” என்றார் காசிலிங்கம்.

இன்ஸ்பெக்டர் அம்மா சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். வந்ததற்கு இந்த மைதானத்துக்குள் ஓட்டுகிற விதத்தையாவது பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஓரமாக நின்றுகொண்டு, “நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நேராப் போங்க” என்றார்.

மாரப்பன் நேராகப் போனார். மைதானம் முடிந்தது. கேட் வந்தது, தாண்டினார். இன்ஸ்பெக்டர் அம்மா நிறுத்து, நிறுத்து என்று கத்தியபோது மாரப்பன் கண்ணுக்கே தெரியவில்லை. நாலு மைல் தள்ளி ஓர் ஏரிக்கரையில் ரோடு வளைந்த இடத்தில், நேராகப் போக வழியில்லாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். ஆபீஸ் ஜீப் போய் அழைத்து வந்தது.

“அடுத்த வாரம் வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. “சீட்டோட வாங்க. ஹாரனோட வாங்க. வண்டி ஓட்டுற லைசென்ஸ் உள்ள ஆளோட வாங்க. முக்கியமா, சாப்பிட்டுட்டு வாங்க.”

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் அம்மா மாரப்பனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வயிறு நிறைந்த மாரப்பன் ஒரு குறையில்லாமல் ஓட்டினார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று தக்காளியும் பழுத்திருந்தது. முப்பது பெட்டி பறித்து முடித்தார்கள்.

மறுநாள் காலை சோதனைச் சாவடியில் ஏட்டையா பார்த்தார். மாரப்பன் காலி லாரியை நத்தை வேகத்தில் ஓட்டி வந்தார். பின்னால் நாச்சிமுத்துவும் செவத்தாளும் தலைக்கு ஒரு பெட்டி தக்காளியோடு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள்.

மாரப்பன் பெருமையாக லைசென்ஸை நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

“வண்டி சும்மாத்தானே வருது? பெட்டியை ஏத்தினா என்ன?” என்றார் ஏட்டையா.

“ஏத்தினா கனமாயிருமுங்களே! லைசென்ஸ் இலகு ரகத்துக்குத்தானுங்க” என்றார் நாச்சிமுத்து. “இது முதல் நடை. இன்னும் பதினாலு நடை இருக்குது.”

ஏட்டையா அப்போதுதான் கவனித்தார். நடந்து வந்த இருவரின் நெஞ்சிலும் முதுகிலும், வண்டி பழகுகிறவர்கள் ஒட்டுகிற சிவப்பு எல் போர்டு குத்தியிருந்தது.

“இது எதுக்கும்மா?”

செவத்தாள் பெட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: “எங்களுக்குத் தலைச்சுமை புதுசுங்க. இப்பத்தான் பழகுறோம்.”