உப்புத் தெருவின் நாற்பத்து நான்காவது கல்

கடலோரத்தில் ஒரு நகரம். பகலிலும் அங்கே உப்புக்காற்று வெள்ளையாக நிற்கும். தூரத்தில் தெரிவது வீடா, கப்பலா என்று சட்டென்று சொல்ல முடியாது.

அங்கே நெல் கிடங்கின் பின்னால் சாக்குத் தைத்துக்கொண்டு ஒரு குரு இருந்தார். பெண். நாற்பது வயது ஆகவில்லை. சீடர் திருமேனிக்கு அறுபது. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்காரர் எதிரே கைகட்டி நிற்பதைப் பார்த்து, கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நகரசபை ஒரு குடிநீர்க் குழாய் தருவதாகச் சொன்னது. ஒன்றே ஒன்று. உப்புத் தெருவுக்கா, பவழத் தெருவுக்கா என்று பார்த்துச் சொல்லும்படி குருவைக் கேட்டிருந்தார்கள். குரு அந்த வேலையைத் திருமேனியிடம் விட்டார். நாளைக்குள் காகிதத்தைக் கொடுத்தாக வேண்டும்.

நண்பகலில் திருமேனி வந்தார். கையில் அழகாகக் கட்டம் போட்ட காகிதம்.

"முடிஞ்சுது. பவழத் தெருவுக்குத்தான்."

குரு ஊசியில் நூல் கோத்தார். "சொல்லுங்க."

"பவழத் தெருவுல அறுபத்தோரு வீடு. ஒவ்வொரு வீட்டுலயும் உக்கார வச்சு, குறையெல்லாம் விவரமாச் சொன்னாங்க. மூணு வீட்டுல மோர்கூடக் குடுத்தாங்க."

"உப்புத் தெருவுல?"

"நாப்பத்து மூணு கதவு. எல்லாம் பூட்டு. மூணு நாளும் காலையில பத்து மணிக்குப் போனேன். ஆளில்லைன்னு எழுதிட்டேன்."

"தெருவுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. முதல் ரெண்டு நாள் வெறும் தெரு. இன்னிக்கு எங்கேர்ந்தோ கல்லா வந்து கிடந்துச்சு. தெருமுனையிலேர்ந்து வரிசையா. அளக்கற நாடா நேரா விழல. எல்லாத்தையும் அள்ளி ஓரமாக் குவிச்சுட்டுத்தான் அளந்தேன்."

குரு தைப்பதை நிறுத்தினார்.

"வரிசையாவா கிடந்துச்சு?"

"ஆமா."

"வாங்க. இருந்த இடத்துலயே வச்சுட்டு வந்துடுவோம்."

"எது எங்க இருந்துச்சுன்னு நான் பார்க்கலையே."

"நாலு மணிக்குத் தண்ணி லாரி வரும்" என்றார் குரு. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

உப்புத் தெரு தூங்குவது போல இருந்தது. நாற்பத்து மூன்று பூட்டுகளும் வெயிலில் மங்கலாக மின்னின. சுவரோரத்தில் கற்குவியல், கரையேறிப் படுத்த ஆமைகள் போல. திருமேனி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றில் ஓட்டை. ஒன்று உடைந்த அம்மியின் பாதி. ஒன்றில் யாரோ மஞ்சள் தடவியிருந்தார்கள். கல் என்று எழுதினால் ஒரே சொல்தான். கையில் எடுத்தால் ஒன்றைப் போல ஒன்று இல்லை.

மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். கருக்கலிலேயே இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனவர்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் அவர்களுடைய வாடை வந்தது. விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

குவியலைப் பார்த்து முன்னால் வந்தவள் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"யாரு கலைச்சது?" என்றாள் முன்னால் நின்றவள். அவள் பெயர் சிந்தாமணி.

"நான்தாம்மா" என்றார் திருமேனி. "தெரு நீளத்தை அளக்கறதுக்காக."

"அதுக்கு எதுக்குய்யா நாடா? எங்களைக் கேட்டா சொல்லியிருப்போமே. வெறுங்கையா நடந்தா நானூறு அடி. குடத்தோட நடந்தா எண்ணூறு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறைதான் லாரி. முப்பது வீட்டுக்கு மேல் தண்ணீர் வராது. லாரி வருகிற அன்று வேலைக்குப் போகிறபோது அவரவர் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். கல் இருக்கும் இடம்தான் அவர்கள் இடம்.

"அஞ்சாவது நானு."

"நீ எப்படிடி அஞ்சாவது? நான் வைக்கும்போது உன் கல்லையே காணோம்."

"உன் கண்ணுக்கு என்னிக்கு என் கல்லு தெரிஞ்சிருக்கு?"

குரல்கள் ஏறின. திருமேனி கையில் காகிதத்தோடு நின்றார். பதறிப்போய்க் குருவைப் பார்த்தார்.

"அவங்களைக் கேட்டு ஒவ்வொண்ணா வையுங்க" என்றார் குரு. அவர் ஒரு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்க கல்லு எதும்மா?" என்று திருமேனி சிந்தாமணியிடம் கேட்டார்.

"அந்த அம்மிக்கல்லு. எனக்கு முன்னாடி யாரும் கிடையாது."

"உங்களுக்குப் பின்னாடி?"

"பின்னாடி வச்சவங்களை நான் எப்படிய்யா பாக்கறது? முன்னாடி இருக்கறதைத்தான் பாத்துட்டுப் போவோம்."

"எனக்கு முன்னாடி அம்மிக்கல்லு" என்றாள் ஒருத்தி. மஞ்சள் தடவிய கல்லை எடுத்துக் கொடுத்தாள். "ஜெயக்கொடின்னு எழுதிக்கோங்க. ஆறு பேரு. ரெண்டு குடம்தான் இருக்கு. ஒண்ணு ஒழுகும்."

திருமேனி கல்லை வைத்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்.

"எனக்கு முன்னாடி ஜெயக்கொடி கல்லு" என்றாள் மைமூன். "மாமியார் படுத்த படுக்கை. உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறேன். தண்ணி வராத அன்னிக்கு அவங்களைத் துடைக்க முடியாது. அதையும் எழுதலாமாண்ணே?"

"எழுதலாம்மா."

ஒரு கல் இன்னொரு கல்லைச் சொன்னது. ஒரு வீடு இன்னொரு வீட்டைச் சொன்னது. வரிசை மெல்ல மெல்ல மீன்முள் போலத் தெருவில் நீண்டது. திருமேனி குனிவதும் எழுதுவதுமாக இருந்தார். அவருக்கு முதுகு வலித்தது. பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் எங்கோ கனவில் கேட்பது போல இருந்தது.

"என் பேரைச் சரியா எழுதியிருக்கீங்களா?" என்று ஜெயக்கொடி வந்து காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாள். அவள் ஈரவிரல் பட்டு முன்பக்கத்தில் மை கலங்கியது. திருமேனி திருப்பிப் பார்த்தார். ஆளில்லை என்று எழுதியிருந்த இடத்தில் நீலமாக ஒரு விரல்தடம் இருந்தது.

நாற்பத்து மூன்று கற்களும் வைத்தாயிற்று. இருநூற்றுப் பதினோரு பேர். திருமேனி முன்பக்கத்தில் பவழத் தெரு என்றிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேல் உப்புத் தெரு என்று எழுதினார்.

அப்போதுதான் சுவரோரத்தில் இன்னொரு கல்லைப் பார்த்தார். கோழிமுட்டை அளவுதான் இருக்கும்.

"இது யாரோடது?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்களோடது இல்ல."

"சில நாள் கிடக்கும்" என்றாள் மைமூன். "இருட்டுல காலால தள்ளிட்டுப் போயிருவோம். கல்லுன்னே நெனச்சதில்ல."

"யாராவது வந்து தண்ணி பிடிப்பாங்களா?"

"வரிசை முடியறதுக்குள்ள தண்ணி தீந்துரும். கடைசியில யாரு நிக்கறான்னு யாரு பாத்தா?"

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. குடங்கள் எழுந்தன.

திருமேனி அந்தச் சின்னக் கல்லை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"ஒண்ணு மிச்சமாகுது. கதவு நாப்பத்து மூணுதான், ரெண்டு தடவை எண்ணிட்டேன். இதுக்குப் பேர் இல்ல. வீடு எதுன்னு தெரியல. எத்தனை பேருன்னும் தெரியல. கணக்குல விட்டுடவா?"

"எங்க இருந்துச்சு?"

"யாருக்கும் தெரியல. இவங்க சொன்ன வரிசையில இடைவெளியே இல்ல."

"எடுத்தது யாரு?"

"நான்தான்."

குரு எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"அப்போ முதல்ல வையுங்க."

சிந்தாமணி தன் அம்மிக்கல்லைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். பிறகு காலால் கல்லை ஒரு சாண் பின்னால் தள்ளினாள்.

திருமேனி குனிந்தார்.