மகாராஜாவின் ஆக்ஸிலரேஷன்

கருவேலங்குறிச்சி மகாராஜா கெங்கமுத்துத் துரை பட்டணம் போய்த் திரும்பும்போது இரண்டு சாமான்கள் கொண்டுவந்தார். ஒன்று புது மோட்டார் கார். இன்னொன்று, காரை விற்ற வெள்ளைக்காரன் இனாமாகச் சொல்லிக்கொடுத்த வார்த்தை: ஆக்ஸிலரேஷன். காராவது சாயங்காலமானால் கொட்டகைக்குப் போய்விடும். வார்த்தைக்கு ஓய்வே கிடையாது.

"ஆக்ஸிலரேஷன்னா என்ன, யாருக்காவது தெரியுமா?" என்று சபையில் கேட்டார்.

"வேகம், மகாராஜா" என்றார் காரியஸ்தர்.

அரண்மனைப் புலவர் அய்யாக்குட்டி தலையை ஆட்டினார். "வெறும் வேகம் இல்லை மகாராஜா. வேகம் ஏறிக்கிட்டே போறது. இந்த நொடி ஓடுறதைவிட அடுத்த நொடி இன்னும் கூட ஓடணும்."

மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று முதல் அரண்மனையில் எல்லாமே ஆக்ஸிலரேஷன்தான். சமையற்காரர் ரசத்தையும் பாயசத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினார். சவரம் செய்தவர் ராஜ மீசையில் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்விட்டார். புலவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அர்த்தம் சொல்லிக்கொடுத்த பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டே.

ஆனித் தேரோட்டம் நெருங்கியபோது அந்தச் சிரிப்பு நின்றது.

"தேர் நிலைக்கு வர ஏன் பொழுது சாயுது?" என்று கேட்ட மகாராஜா, பதிலையும் அவரே சொன்னார். "சக்கரத்துக்கு முன்னால கட்டை போடுறாங்களே ஆசாரிங்க, அவங்களாலதான். ஆக்ஸிலரேஷனைக் கெடுக்கிற எதுவும் என் சமஸ்தானத்துல இருக்கக்கூடாது. இந்த வருஷம் கட்டை வேண்டாம். அவங்க மானிய நிலத்தையும் பிடுங்குங்க."

புலவர் தேர் வரும் வழியை நினைத்துப் பார்த்தார். தெற்கு ரதவீதி நல்ல சரிவு. அங்கே கட்டை இல்லாமல் தேர் இறங்கினால், வடம் பிடிக்கிற சனம் சக்கரத்துக்கு அடியில்தான். எடுத்துச் சொன்னால் கேட்கிற ராஜாவா இவர்?

"உத்தரவு மகாராஜா. நானே முன்னால நின்னு நிறைவேத்துறேன்" என்று புலவர் கும்பிட்டார்.

மறுநாள் காலை மகாராஜா காரில் ஏறி உட்கார்ந்தார். அரண்மனை வாசலிலிருந்து குளக்கரை வரை ஒரே இறக்கம். டிரைவரோ வண்டியில் ஏறாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். புலவர் ஒரு வெள்ளித் தட்டை நீட்டினார். வெற்றிலை, பூ, நடுவில் கிரீஸ் வழியும் இரும்புத் துண்டு.

"என்ன புலவரே இது?"

"காரோட பிரேக், மகாராஜா. ஆக்ஸிலரேஷனைக் கெடுக்குதுன்னு கழட்டச் சொன்னேன்."

மகாராஜா எட்டிக் குளத்தைப் பார்த்தார். "அப்போ... வண்டி இப்போ எப்படி நிக்குது?"

"தேர் ஆசாரி மாடக்கண்ணு முன்சக்கரத்துல கட்டை போட்டிருக்கார். அவருக்குத்தான் நம்ம சமஸ்தானத்துல வேலை இல்லையே. கட்டையை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிரட்டுமா?"

"ஐயா, ஆசாரியாரே, அசையாதீங்க" என்று மகாராஜா அலறினார். கதவைத் திறந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தரையில் குதித்தார். கால் மண்ணில் பட்ட பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு லேசில் அடங்கவில்லை. தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தினார்.

"தேருக்குக் கட்டை உண்டு. மானியமும் அவங்களுக்கே. போதுமா?"

"போதும் மகாராஜா. உத்தரவை நிதானமா நாளைக்கு எழுதலாமா?"

"இப்பவே எழுதும்" என்றார் மகாராஜா, மாடக்கண்ணுவின் கட்டையைப் பார்த்தபடியே. "ஆக்ஸிலரேஷனோட எழுதும்."