ஜெசிந்தா டீச்சரின் முப்பத்தொரு கப்பிக் குட்டிகள்

தூத்துக்குடியில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பொன்பாண்டி, லிங்கதுரை என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவரும் தையல்காரர்கள். அண்ணன் மனைவி செல்லக்கனி, தம்பி மனைவி முத்துப்பேச்சி. நாலு பேருமே தங்கமானவர்கள், சொன்னதை அப்படியே செய்பவர்கள். ஒருமுறை "கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்று சட்டைக்குத் துணி கொடுத்தேன். ஒரு கை மட்டும் லூசாக வந்தது.

"எந்தக் கைன்னு நீங்க சொல்லலையே அண்ணாச்சி. நாங்களாத்தான் வலது கைன்னு முடிவு பண்ணினோம்" என்றார் பொன்பாண்டி.

இவர்கள் பக்கத்து வீடு ஜெசிந்தா டீச்சர். மகள் பிரசவத்துக்காக அவர் ஒரு மாதம் கோயம்புத்தூர் போகவேண்டி வந்தது. அவர் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த கப்பி மீனும் அப்போது நிறைமாதம். "ரெண்டு தடவை குட்டி போட்டு, ரெண்டு தடவையும் அதுவே தின்னுட்டுது. இந்தத் தடவையாவது பிழைக்கணும்" என்று கண்கலங்கினார். தொட்டியை இவர்கள் வீட்டில் வைத்து, செய்யவேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கண்ணாடியில் ஒட்டிவிட்டு ரயிலேறினார்.

மூன்றாம் நாள் காலையில் முப்பத்தொரு குட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான், நடுவில் ஒன்றுமே இல்லை.

லிங்கதுரை தாளைப் படித்தான். "குட்டி போட்டதும் தாயைத் தனியாக வைக்கவும்."

"பச்சை உடம்புக்காரியைத் தனியாவா?" என்று முத்துப்பேச்சிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் எழுதியிருக்கிறதே. தாயை ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றினார்கள். அது பயந்துவிடக் கூடாது என்று பாட்டிலுக்குத் துணையாக முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் 'தனியாக' என்ற சொல் நினைவுக்கு வர, எழுந்துவிட்டாள். அன்று முழுக்க உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

"பிள்ளை பெத்தவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கணும்லா?" என்றாள் செல்லக்கனி.

பொன்பாண்டி வெகுநேரம் யோசித்தார். "வேண்டாம். சொந்தக்காரனைத் திங்கச் சொல்ற மாதிரி ஆயிரும்."

"அது சொந்தப் பிள்ளையவே திங்குமாமே?"

"அது அவிய குடும்ப விஷயம். நாம தலையிடக் கூடாது."

அடுத்த வரி, 'குட்டிகள் ஒளிந்துகொள்ளச் செடி வைக்கவும்.' கொஞ்சம் பாசி வாங்கிவந்து போட்டார்கள். நாலு பேரும் தொட்டியைச் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள். ஒரு குட்டியும் ஒளியவில்லை.

"நாம இப்பிடிப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்பிடி ஒளியும்?" என்றான் லிங்கதுரை. நியாயமாகப் பட்டது. நாலு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணைப் பொத்திக்கொண்டு, ஐம்பது வரை எண்ணினார்கள். திரும்பினால் பாதிக் குட்டிகளைக் காணோம். செல்லக்கனி கைதட்டிவிட்டாள்.

வினை வந்தது மூன்றாவது வரியில். 'அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஊசிமுனை அளவு, தினம் மூணு நாலு வேளை போடவும்.'

"எத்தனாம் நம்பர் ஊசின்னு எழுதலையேண்ணே. பதினாறா, பதினெட்டா?"

"பிள்ளைங்க வளரணும். பெரிய ஊசியா, பதினெட்டே போடு."

"மூணு நாலு வேளைன்னா?"

"மூணு நாலு பன்னிரண்டு. இதுகூடவா தெரியல?"

ஊசிமுனை அளவு என்றால் மொத்தத்துக்குமா, ஆளுக்கா என்று அடுத்த விவாதம். ஒரே வீட்டில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரு ஊசிமுனை போட்டால் சண்டை வராதா என்று முத்துப்பேச்சி கேட்டாள். எனவே குட்டிக்கு ஒரு முனை, தினம் பன்னிரண்டு வேளை. கடையைச் சாத்திவிட்டு, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஊசியோடு தொட்டியருகே குந்தியிருந்தார்கள். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் வரவில்லை.

இரண்டாம் நாள் தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிட்டது. குட்டிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு குட்டிகள் செத்து மிதந்தன. செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "டீச்சர் முகத்துல எப்பிடி முழிப்பேன்!"

லிங்கதுரை ஓடிப்போய்த் தாளைப் படித்தான். "தண்ணீர் கலங்கினால் உணவை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றவும். புதுத் தண்ணீரை ஒரு பகல் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும்."

"யாரு இந்த குளோரின்?" என்றார் பொன்பாண்டி.

"சர்ச் தெரு ஃப்ளோரினுக்குத் தங்கச்சியா இருக்கும். டீச்சருக்குத் தெரிஞ்சவளா இருக்கும்" என்றான் லிங்கதுரை.

அவள் போவதைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டுமே. லிங்கதுரை பகல் முழுவதும் குடை பிடித்துக்கொண்டு வாளியருகே காவல் இருந்தான். சாயங்காலம் வாடிய முகத்தோடு வந்தான்.

"யாருமே போகலண்ணே."

"நீ கண்ணை மூடுனியா?"

"ஒரு தடவை தும்மினேன்."

"அப்பத்தான் போயிருப்பா. ஊத்து, ஊத்து!"

ஊற்றினார்கள். மறுநாள் தண்ணீர் தெளிந்தது. இருபத்தொன்பது குட்டிகளும் துள்ளிக்கொண்டிருந்தன. பயந்துபோன நாலு பேரும் அதன்பின் ஊசியை முட்டைக்குக் காட்டிவிட்டுத் தண்ணீரில் நனைத்ததோடு சரி. அந்த அளவுதான் குட்டிகளுக்கு ஒத்துக்கொண்டது.

மாதம் முடிந்து டீச்சர் வந்தார். ஊறுகாய் பாட்டிலில் தாயும், தொட்டியில் வண்ண வண்ண வாலோடு இருபத்தொன்பது குட்டிகளும் சுற்றுவதைப் பார்த்து, செல்லக்கனியைக் கட்டிக்கொண்டார். அன்று பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் வாசலில் நின்றபடியே, "சாயங்காலம் வந்து தொட்டியை எடுத்துக்கிறேன். அதுக்குள்ள ஆணையும் பெண்ணையும் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருங்க. ஒண்ணா இருந்தா மாசா மாசம் குட்டி வந்துக்கிட்டே இருக்கும், வீடு தாங்காது!" என்று சிரித்துவிட்டு ஓடினார்.

சாயங்காலம் டீச்சர் திரும்பி வந்தபோது, அவர் வீட்டு வாசலில் பொன்பாண்டியும் லிங்கதுரையும் பாய், தலையணை, துணிப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பொன்பாண்டிக்குக் கண் சிவந்திருந்தது.

"பொம்பளைங்க ரெண்டு பேரும் அங்கயே இருக்காங்க டீச்சர். கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு நாள் பிரிஞ்சதில்ல. ஆனா நீங்க சொன்னா காரணம் இருக்கும். நாங்க எந்த ரூம்ல படுக்கணும்?"

டீச்சர் கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே போட்டார்.

"ஐயோ அண்ணாச்சி! நான் சொன்னது மீனை!"

பொன்பாண்டி திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்து, ரொம்பத் தயங்கிக் கேட்டார்:

"மீனையுமா டீச்சர்?"