பனிநாட்டுக் கல்லுக்குள் இலை வந்த கதை

அந்தக் காலத்தில், மரமும் மண்ணும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, உலகின் தெற்குக் கோடியில் பனியே கிடையாது. இதமான வெயிலும் ஓயாத மழையுமாகப் பெரிய காடு ஒன்று இருந்தது. அங்கே குளக்கரையில் நின்றவள் அகலி என்னும் மரம். அவளுடைய இலைகளுக்கு, வெயில் நாட்டு மரங்களுக்கே உரிய பல்வெட்டு இல்லாத வழவழப்பான ஓரம், நீண்ட நுனி. எவ்வளவு மழை கொட்டினாலும் நுனி வழியே நீர் வடிந்துவிடும்.

ஒரு நாள் குளிர்காற்று வந்து, "என் பின்னாலேயே பனி வருகிறது. காட்டையே மூடிவிடும்" என்றது. விலங்குகளும் பறவைகளும் வடக்கே கிளம்பின. மரங்கள் எங்கே போகும்?

"அழாதே அகலி! போகிற இடமெல்லாம் உன்னைப் பற்றிச் சொல்வேன்" என்றது அவள் தோழன் நாரை. "வானத்தை முட்டும் மரம்! ஒவ்வோர் இலையும் யானை அளவு!"

"அட பாவி! இப்படி அளந்தால் நான் இருந்ததையே யாரும் நம்ப மாட்டார்களே!"

நாரை பறந்துபோனது. அகலி குனிந்து குளத்துச் சேற்றைப் பார்த்தாள். "சேற்றக்கா, நீயாவது சொல்வாயா?"

"எனக்குக் கதை சொல்ல வராதடி. ஆனால் பிடித்ததை விடமாட்டேன். சருகு வேண்டாம், மடங்கி நொறுங்கிவிடும். நரம்பு தெரியும் பச்சை இலையாகக் கொடு."

உணவு சமைக்கும் பச்சை இலையைக் கொடுத்துவிட்டால் எதை உண்டு வாழ்வது? ஆனாலும், இந்தக் காடு இருந்த சுவடே இல்லாமல் போவதை அகலியால் தாங்க முடியவில்லை. உடம்பைச் சிலிர்த்து ஓர் உலுக்கு உலுக்கினாள். இலைகள் மழைபோல் கொட்டின.

"ஐயோ, கூசுதடி!" என்று சேறு குலுங்கிச் சிரித்தது. அதைக் கண்டு மற்ற மரங்களும் சிரித்துக்கொண்டே தங்கள் இலைகளை உதிர்த்தன. சேறு எல்லாவற்றையும் இறுக அணைத்தது. பனி வந்து மூடியபோதும் பிடியைத் தளர்த்தவில்லை. அப்படியே இறுகிக் கல்லானது.

அன்று தொட்டுத்தான், பனிநாட்டில் கல்லைப் பிளப்பவர்கள் உள்ளே ஓர் இலையைக் காண்கிறார்கள். அதன் ஓரத்தையும் நுனியையும் விரலால் தடவி, குளிரில் பல் கிட்டக் கிட்ட, "அடேயப்பா, ஒரு காலத்தில் இங்கே என்ன வெயில், என்ன மழை!" என்கிறார்கள்.