நாலாவது ஆள்

“என்னால ஜெபிக்க முடியல, சலோமி.”

ஞானாபரணம் ஐயா இதைச் சொன்னபோது அவர் மடியில் வேதபுத்தகம் திறந்திருந்தது. வாசிக்கத்தான் எடுத்தார். வாசிக்கவில்லை.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி சலோமி ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தாமலே, எத்தனை நாளாக என்று கேட்டாள்.

“வயலட் போனதுல இருந்து. எட்டு மாசமாச்சு.”

அவர் அந்தப் பகுதி ஆலயத்தின் போதகர். வயது ஐம்பத்தேழு. அவளுக்கு நாற்பத்தொன்று.

ஆனாலும் கேள்வி கேட்க வருகிறவர் அவர்தான். அவர் மட்டுமல்ல. வேலை போனவர்கள், பிள்ளை பிழைக்குமா என்று தெரியாதவர்கள், குடிகாரனோடு வாழ்கிறவர்கள் என்று பலரும் மூன்று மாடி ஏறி அவளிடம் வந்து போவார்கள். வடசென்னையில் அந்தக் குடியிருப்புக்கு லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க வந்து உட்காருவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். இறங்கிப் போகும்போது அவர்கள் முகம் கொஞ்சம் மாறியிருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன், வேலைக்குப் போகும் வழியில் பஸ் மோதி அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தங்கை ரூபிதான் பார்த்துக்கொள்கிறாள்.

ஐயா எதையும் மறைக்காமல் சொன்னார். மனைவி வயலட் அம்மாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து நாலு மாசம் முழங்காலில் நின்று ஜெபித்தார். எண்ணெய் பூசினார். உபவாசம் இருந்தார். அவள் வலியில் கத்திக்கொண்டேதான் போனாள். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரே பிரசங்கம் செய்தார்.

ஐயா பாறை மாதிரி நிற்கிறார் என்று சபையார் பேசிக்கொண்டார்கள். பெண்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று திருப்பி அனுப்பினார். சாயங்காலங்களில் வந்து கூட இருக்கட்டுமா என்று கேட்டவர்களிடம், நான் நன்றாக இருக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார்.

ஜெபிக்கவும் செய்தார். முப்பது வருஷப் பழக்கம், வார்த்தை தானாக வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புவது போலிருந்தது.

மாசக் கடைசியில் பிஷப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊழியத்தை விடப்போவதாகச் சொன்னார்.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒன்பது வருஷமா இதை நீ எப்படித் தாங்குற?”

சலோமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்கு வரணும்” என்றாள்.

அவள் காதில் விழவில்லை போலும் என்று அவர் நினைத்தார். மறுபடி கேட்டார்.

“படி இறக்கறதுக்கு நாலு பேர் வேணும். ரூபி இருக்கா. கீழ் வீட்டு இஸ்மாயில் இருக்கான். சிலிண்டர் போடற எட்வின் இருக்கான்.”

“நாலாவது?”

“நீங்கதான்.”

ஐயாவுக்கு வேர்த்தது. காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் ஒருமுறை அவளைக் கீழே இறக்கினார்கள். பாதி வழியில் நாற்காலி சரிந்து அவள் படியில் உருண்டாள். கழுத்தெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை அவள் தாண்டவில்லை. நர்ஸம்மாகூட மேலே வந்துதான் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். தோளில் பலம் போதாது, வாலிபர் சங்கத்துப் பையன்களை அனுப்புகிறேன் என்றார். அவள் அடுத்த கொக்கியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார்.

ரூபி அக்காவுக்கு வெளிர்நீலச் சேலை கட்டிவிட்டிருந்தாள். கைப்பிடி வைத்த மரநாற்காலியில் உட்காரவைத்து, துப்பட்டாவால் இடுப்பையும் முதுகையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். இஸ்மாயில் ஆட்டோவைப் படிக்கட்டு ஓரமாக நிறுத்திவிட்டு மேலே வந்திருந்தான். அவன் ஐயாவை ‘பாதர்’ என்றுதான் கூப்பிடுவான். அவரும் திருத்தியதில்லை.

எட்வினும் இஸ்மாயிலும் முன்னால், கீழ்ப்படியில். ரூபியும் ஐயாவும் பின்னால்.

தூக்குவதற்கு முன் சலோமி நாலு பேரையும் பார்த்தாள்.

“கை வலிச்சா உடனே சொல்லிடணும். இறக்கி வெச்சிட்டு மறுபடி தூக்கலாம். எவ்வளவு நேரமானாலும் பரவால்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “போன தடவை என்னைக் கீழே போட்டவர் நல்ல பலசாலி. வலிக்குதுன்னு சொல்ல வெக்கப்பட்டார்.”

தூக்கினார்கள்.

படிக்கட்டு குறுகல். சுவரில் முழங்கை உரசியது. எட்வின், தினமும் சிலிண்டரோடு ஏறி இறங்குகிறவன், ஒவ்வொரு படியாகக் குரல் கொடுத்தான். முதல் திருப்பத்திலேயே இஸ்மாயில் கூச்சமில்லாமல், “அக்கா, இறக்கிடலாம். விரல் மரத்துப்போச்சு” என்றான். இறக்கினார்கள். அவன் கையை உதறிக்கொண்டான். இன்னும் அரை மாடி போனதும் ரூபி சொன்னாள். மறுபடி இறக்கினார்கள்.

ஐயா சொல்லவில்லை.

அவருக்குத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை எரிந்தது. இன்னும் நாலு படிதான், அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாலு படி முடிந்ததும் இன்னும் நாலு என்று நினைத்தார். ஆலயத்தில் எட்டு மாசமாக நினைத்ததும் இப்படித்தான் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் விரல்கள் தாமாகப் பிடியை விட்டன.

நாற்காலி இடப்பக்கம் சாய்ந்தது. ரூபி வீறிட்டாள். எட்வின் சட்டென்று திரும்பித் தன் முதுகை நாற்காலிக்கு முட்டுக் கொடுத்தான். இஸ்மாயில் முழங்காலைச் சுவரில் ஊன்றி நின்றான். ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, நாற்காலி தரைக்கு வந்தது.

எட்வினின் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. சலோமியின் உதடு வெளுத்திருந்தது. அவள் கைகள் நாற்காலியின் பிடியை விடவில்லை.

ஐயா படியில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து எட்வினிடம் நீட்டினார்.

சலோமிதான் பேசினாள். மற்றவர்கள் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

“எப்படித் தாங்குறேன்னு கேட்டீங்களே ஐயா. முதல் ரெண்டு வருஷம் நான் ஜெபம் பண்ணதே இல்ல. ஒரு வார்த்தைகூட வராது. இவதான் பக்கத்துல உக்காந்து ஜெபிப்பா. எனக்குப் பத்திக்கினு வரும். கையில கிடைச்சதை எடுத்து அடிப்பேன். இவ நிறுத்தல.”

ரூபி தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். கூட்டத்துல வழியில்லன்னு கூரையைப் பிரிச்சு ஒருத்தனைக் கட்டிலோட இயேசு முன்னாடி இறக்கினாங்களே. அந்தக் கட்டில்ல கிடந்தவனுக்கு விசுவாசம் இருந்துச்சா?”

ஐயா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கதையை அவர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். மனசுக்குள் வரிவரியாகத் தேடிப்பார்த்தார். சுமந்து வந்தவர்களுடைய விசுவாசம் அதில் இருந்தது. கட்டிலில் கிடந்தவனைப் பற்றி அந்தப் பேச்சே இல்லை.



“தூக்கலாமா?” என்றாள் சலோமி.

“ரெண்டு நிமிஷம்மா” என்றார் ஐயா. “கை நடுங்குது.”

இஸ்மாயில் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மிச்சமிருந்த படிகளில் அவர் ஐந்து முறை இறக்கச் சொன்னார்.

அவளை ஆட்டோவில் உட்காரவைத்து ரூபி பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆலயத்தில் முன் பெஞ்சுக்கு அருகே நடைபாதையில் நாற்காலியைப் போட்டார்கள். சலோமியைப் பார்த்ததும் பாடல்குழுவில் இரண்டு பேர் பாட்டை மறந்தார்கள். இஸ்மாயில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரமாக நின்றான். ஆராதனை முடிந்ததும் திரும்ப ஏற்ற வேண்டுமே.

பாட்டு முடிந்தது. சபையார் தலை குனிந்தார்கள். ஐயா ஜெபிக்க வேண்டிய நேரம்.

வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. எட்டு மாசமாக அவருக்குக் கைகொடுத்த அதே வார்த்தைகள். முதல் வார்த்தையைச் சொல்லப்போனவர் நிறுத்தினார்.

மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள்.

“என் வீட்டம்மா போனதுல இருந்து எனக்கு ஜெபம் வரல” என்றார். “வர்ற மாதிரி உங்க முன்னாடி நின்னுட்டேன். தப்பு. இன்னைக்கு எனக்காக நீங்க யாராவது ஜெபிங்க.”

பீடத்திலிருந்து இறங்கினார். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. முப்பது வருஷத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ரூபி நகர்ந்து இடம்விட்டாள்.

செயலாளர் செயற்குழுவினரைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். செய்தது பைத்தியக்காரத்தனமோ என்று ஐயா நினைத்தார். எழுந்து மறுபடி மேலே போய்விடலாமா என்றுகூட எண்ணினார்.

பின்னாலிருந்து பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

எழுந்தவன் எட்வின். பிரசங்கம் தொடங்கும்போது வெளியே போய் நிற்கிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபித்தவன் அல்ல. முழங்கையில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினான்.

“ஆண்டவரே” என்றான். “எங்க ஐயா தனியா சமைச்சுத் தனியா சாப்பிடறாரு. சிலிண்டர் போடப் போனப்ப பாத்தேன். அடுப்புல ஒரே ஒரு சின்னப் பாத்திரம். அவருக்கு…”

அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. நின்றபடியே இருந்தான்.

விட்ட இடத்திலிருந்து ஒரு பெண் தொடங்கினாள். திருப்பி அனுப்பிய சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போன பெண்களில் ஒருத்தி. அவளும் பாதியில் அழுது நிறுத்தினாள். இன்னொருவர் எடுத்தார். ஒருவர் வயலட் அம்மாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். எட்டு மாசமாக அந்த ஆலயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லியிருக்கவில்லை. ஒரு கிழவர் ஐயாவுக்காக ஆரம்பித்து, தன் மகனின் குடிக்குத் தாவி, வழி தெரியாமல் திரும்பி வந்தார். யாருடைய ஜெபமும் அழகாக இல்லை. ஒருவர் கைவிட்டதை அடுத்தவர் பிடித்துக்கொண்டு, அது அப்படியே நகர்ந்து நகர்ந்து போனது.

ஐயா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அவர் அதை மறைக்கவில்லை.

கடைசிக் குரலும் ஓய்ந்தது. சபை காத்திருந்தது.

“ஆமென்” என்றார் ஐயா.