ஓடக்காசு

திரைமங்கலப் பேரரசில் முதலில் காசு கிடையாது. வெள்ளிக் கட்டியை உளியால் வெட்டி நிறுத்துக் கொடுத்தார்கள். அதற்கென்று கடைக்குக் கடை ஒரு கறுப்பு எடைக்கல் இருந்தது.

பிறகு ஓர் அரசன் அதே எடைதான் என்று சொல்லி வட்டக் காசு அடித்து, மேலே ஓர் ஓடத்தைப் பொறித்தான். ஓடம் இருந்தால் நிறுக்க வேண்டாம் என்று பறையறிவித்தான். அதன்பின் எடைக்கல்லை, சரக்கு மடிக்கும் இலைக்கட்டு பறக்காமலிருக்க அதன் மேலே வைத்தார்கள்.

அவனுக்குப் பின் வந்தவர்கள் ஓடத்தை எடுத்துவிட்டுத் தங்கள் முகத்தைப் போட்டார்கள். முகம் மாற மாற வெள்ளி குறைந்தது. நாற்பது வருடத்தில் நான்கு முகங்கள். சந்தையில் எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் ஓடக்காசில் வந்து முடிந்தது.

இது ஐந்தாவது அரசனின் காதுக்கு எட்டியது. செம்பில் காசு அடித்து வெள்ளி முலாம் பூசு, மேலே பழைய ஓடத்தைப் போடு என்று, காசு அடிக்கும் அக்கசாலையின் தலைவன் கொற்றனுக்கு ஆணையிட்டான். அமாவாசைக்குள் அச்சு தயாராக வேண்டும். இல்லையென்றால் பதவியும் போகும், முப்பது வருடமாகக் குடும்பத்தோடு இருந்த அக்கசாலை வீடும் போகும்.

ஓட அச்சை வெட்டியவர் கொற்றனின் ஆசான் பதுமன். பணியை விட்டு ஆற்றுத்துறையில் தனியாக இருந்தார். பழைய அச்சு அவரிடம் இருந்தது. கொற்றன் அவரிடம் போய் ஆணையைச் சொன்னான். மாதிரிக்குத் தானே ஓடம் செதுக்கி, முலாம் பூசிய ஒற்றைச் செம்புக் காசையும் காட்டினான். அச்சைக் கேட்க வந்தவன், கடைசியில் வேறொன்றைக் கேட்டான்.

"செய்யலாமா, ஆசானே?"

பதுமன் துணி முடிச்சை அவிழ்த்து ஓர் ஓடக்காசை எடுத்துக் கொடுத்தார்.

"துறையில் நீலியிடம் மீன் வாங்கி வா. இதையும் கொடு, உன்னுடையதையும் கொடு."

நீலி இரண்டையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிறுக்கவில்லை, தட்டியும் பார்க்கவில்லை. சின்ன வயதில் அப்பா கையில் பார்த்தது என்றாள். அப்போதெல்லாம் ஓர் ஓடத்துக்கு ஒரு மூட்டை நெல்லும் வரும், மிச்சத்துக்கு வளையலும் வரும் என்றாள். கேட்காமலே இரண்டு மீன் கூடப் போட்டாள்.

கொற்றன் மீனோடு திரும்பினான். இரண்டும் செல்லுபடியானதைச் சொன்னான்.

"சரி. இப்போது போய் உன் காசு செம்பு என்று அவளிடம் சொல்லிவிட்டு வா."

கொற்றன் மீனைக் கீழே வைத்தான். அவன் அக்கசாலையில் கோடிக்கணக்கில் காசு அடித்திருக்கிறான். அதை வாங்குகிறவரின் முகத்துக்கு நேரே நின்றதில்லை. பிறகு போனான்.

நீலி கத்தவில்லை. "அரண்மனை ஆளுக்கு ஏமாத்த மீன்காரிதான் கிடைச்சாளா?" என்று கேட்டபடி இலைக்கட்டின் மேலிருந்த கறுப்புக் கல்லை எடுத்தாள். கல்லைத் தராசின் ஒரு தட்டிலும் செம்புக் காசை மறு தட்டிலும் வைத்தாள். காசு மேலே போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நல்ல ஓடம் எப்படி நிக்குதுன்னு பாருங்க ஐயா" என்று மற்றதை வைத்தாள்.

அதுவும் மேலே போயிற்று. அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் போயிற்று.

நீலி காசைத் தட்டு மாற்றி வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு காசையும் கொற்றனிடமே நீட்டினாள். மீனைத் திருப்பிக் கேட்கவில்லை.

"நாளைக்கு நெல்லாக் கொடுத்துடுங்க" என்றாள்.

கொற்றன் திரும்பி வந்தபோது பதுமன் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உங்கள் காசும் எடை குறைகிறது, ஆசானே."

"தெரியும்."

"மீனுக்கு நெல்லாகக் கொடுக்கச் சொன்னாள். நாற்பது வருடத் தேய்மானம் என்று சொல்லிவிட்டு வந்தேன்."

"முதல் காசு அச்சு வெட்டியவனுக்கு என்பது வழக்கம். அது எனக்குக் கொடுத்தது. இன்றுதான் சந்தையைப் பார்த்தது, எங்கே தேய்ந்திருக்கும்?"

கொற்றன் உட்கார்ந்தான்.

"காசுத் தகட்டை ஒரு நூல் மெலிதாக்கச் சொல்லி எனக்கும் ஆணை வந்தது" என்றார் பதுமன். "ஒரு நூல்தானே என்று நினைத்தேன்."

"செய்யலாமா என்று யாரிடம் கேட்டீர்கள்?"

"என் ஆசான் அப்போது உயிரோடுதான் இருந்தார். கேட்டால் சந்தைக்கு அனுப்பிவிடுவார் என்று போகவில்லை."

ஆற்றில் யாரோ ஓடத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொற்றன் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். பதுமன் மீனைக் கழுவி முடித்தார்.

"அச்சு அந்தப் பெட்டியில் இருக்கிறது. பூட்டவில்லை. நெல் பானையில் இருக்கிறது."

கொற்றன் எழுந்து பானையைத் திறந்தான்.